பென்டோனைட் நல்ல சரக்குதான், ஆனால் எல்லாக் கழிவுக்கும் அல்ல

ரசாயனக் கழிவு பரவாமல் நிலத்துக்கடியில் சுவர் போட எந்தப் பொருளை வாங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலான இடங்களுக்கு என் ஓட்டு சோடியம் பென்டோனைட்டுக்குத்தான். கட்ச், பார்மர் பக்கமிருந்து மூட்டையாக வரும், தண்ணீர் பட்டால் வீங்கி இடைவெளிகளை அடைக்கும் களிமண் பொடி. தண்ணீரில் 5 சதவீதம் அளவுக்குக் கலக்கி, தோண்டத் தோண்ட அகழியில் நிரப்பிக்கொண்டே போனால் பக்கம் சரியாது, அப்புறம் தோண்டிய மண்ணையே அந்தக் குழம்போடு பிசைந்து திரும்பக் கொட்டினால் சுவர் ரெடி. ஒழுங்காகச் செய்த சுவரில் நீர் ஊடுருவும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கீழே நீர் புகாத அடுக்கில் ஒரு மீட்டராவது இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் ஓடிவிடும்.

இதன் பெரிய குறை கால்சியம். கழிவுநீரில் அது அதிகமிருந்தால் களிமண்ணிலுள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும், வீக்கம் போய்விடும், சுவர் கசியும். கடும் அமிலமும் கெடுக்கும். விற்பவர் காட்டும் வீக்கச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது. தயவுசெய்து அதை நம்பி ஆர்டர் போடாதீர்கள், உங்கள் இடத்து நிலத்தடி நீரையே கேனில் பிடித்து லேபுக்குக் கொடுங்கள்.

மாற்றாக வைக்கும் எச்டிபிஇ என்ற அடர்த்தியான பிளாஸ்டிக் ஷீட் அமிலத்தையும் உப்பையும் அருமையாகத் தாங்கும். ஆனால் பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் மாதிரி கரைப்பான்கள் ஓட்டையே இல்லாத ஷீட்டுக்குள்ளும் மூலக்கூறாகப் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அந்தக் கழிவுக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. இரும்பு ஷீட் பைல், அதாவது ஒன்றோடொன்று பூட்டி நிலத்தில் அடித்து இறக்கும் தகடுகள், சீக்கிரம் இறங்கும், பூட்டு இணைப்புகளை அடைக்காவிட்டால் அங்கேதான் ஒழுகும்.

எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்வது ராணிப்பேட்டைக்காக. மூடிய குரோமேட் (குரோமிய உப்பு) ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் அங்கே குவிந்து, நிலத்தடி நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, பாலாறும் பக்கத்திலேயே. அடியில் வெடிப்பு விட்ட கடினப் பாறை என்பதால் பென்டோனைட் சுவர் மட்டும் போதாது, வெடிப்புகளையும் சிமென்ட் பாய்ச்சி அடைக்க வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் 1996இல் இரும்புத் துகளாலேயே 46 மீட்டர் நீளச் சுவர் போட்டார்கள். நீர் அதன் வழியாகவே போகும், நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக மாறித் துகளிலேயே படிந்துவிடும். ராணிப்பேட்டையிலும் நீர் வெளியேறும் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நீரில் காரத்தன்மை மிகுந்தால் இரும்பின் மேல் படலம் மூடி வேலை நின்றுவிடும், அதனால் முதலில் சின்ன அளவில் போட்டு, இரண்டு பக்கமும் கண்காணிப்புக் கிணறு வைத்து அளக்கட்டும்.