ஹகாட்டாவா, சப்போரோவா? ராமெனுக்குப் பேர்போன இரண்டு ஊர்கள்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் ராமென் கடையைப் பெரும்பாலும் சூப்பை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பன்றி எலும்பு சூப் பிடிக்கும் என்றால் தெற்கே ஹகாட்டா பாணி, மிசோ என்ற புளித்த சோயா விழுது பிடிக்கும் என்றால் வடக்கே சப்போரோ பாணி. அது சரிதான், ஆனால் போதாது. ஹகாட்டா ராமென் அவசரத்தில் இருக்கும் ஆளுக்காக உருவானது. சப்போரோ ராமென் பனியிலிருந்து உள்ளே நுழைந்த ஆளுக்காக உருவானது. நூடுல்ஸின் பருமன், எண்ணெயின் அளவு, எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பது வரை எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகின்றன. இது தெரிந்தால் எதை எங்கே சாப்பிடுவது என்று முடிவுசெய்வது சுலபம்.

முதலில் ஹகாட்டா. கியூஷு தீவில் உள்ள ஃபுகுவோகா நகரத்தின் ஒரு பகுதி அது. அங்கே புகழ்பெற்ற டொன்கொட்சு என்ற பன்றி எலும்பு சூப்பின் பூர்வீகம் பக்கத்து ஊரான குருமே. 1937-இல் நான்கின் சென்ரியோ என்ற தள்ளுவண்டிக் கடை அங்கே பன்றி எலும்பு சூப்பில் ராமென் விற்கத் தொடங்கியது. அந்த சூப் இன்றுபோல் வெள்ளையாக இருக்கவில்லை. 1947-இல் அதே ஊரில் சான்க்யூ என்ற கடையில், ஆள் இல்லாத நேரத்தில் பானை அளவுக்கு மீறிக் கொதித்துவிட, சூப் வெளுத்துக் கெட்டியாகிவிட்டது. ருசி பார்த்தால் முன்பைவிட நன்றாக இருந்தது என்று சொல்வார்கள். எலும்பைப் பல மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் கலந்துவிடும். அந்த வெண்மைக்கும், உதடு ஒட்டும் அந்தப் பிசுபிசுப்புக்கும் இதுதான் காரணம். பால் எதுவும் சேர்ப்பதில்லை.

சூப் குருமேயிலிருந்து வந்தாலும், சாப்பிடும் முறையை உருவாக்கியது ஃபுகுவோகாவின் நாகஹாமா மீன்சந்தை. வேலைக்கு நடுவே வந்து சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள்தான் அங்கே வாடிக்கையாளர்கள். நூடுல்ஸ் வேகும்வரை நிற்க அவர்களுக்கு நேரமில்லை. அதனால் மிக மெல்லிய, நேரான, ஈரப்பதம் குறைந்த நூடுல்ஸ்; ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆனால் இவ்வளவு மெல்லியது சூப்பில் சீக்கிரம் குழைந்தும் போகும். ஆகவே முதலில் கொஞ்சமாகப் போட்டு, அது தீர்ந்ததும் இன்னொரு பங்கு நூடுல்ஸை மட்டும் வாங்கிக்கொள்ளும் காயெதாமா வழக்கம் வந்தது. மெஸ்ஸில் குழம்பு மிச்சமிருக்கிறதே என்று இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்பது மாதிரிதான். இதை எதிர்பார்த்து சூப்பைப் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துக்கொள்ளவேண்டும். முதல் சுற்றிலேயே குடித்துத் தீர்த்துவிட்டால் இரண்டாவது பங்கு வறண்டுபோய் நிற்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது நூடுல்ஸ் எவ்வளவு வேகவேண்டும் என்று கேட்பார்கள். குழைவு என்றால் யாவா, சாதாரணம் என்றால் ஃபுட்சூ, விறைப்பு என்றால் கட்டா, அதைவிட விறைப்பு என்றால் பரிகட்டா. அதற்கும் மேலே ஹரிகனே, கொனாஓதோஷி என்று போகும். கடைசியாகச் சொன்னது சில நொடிகள் மட்டும் வெந்நீரில் முக்கி எடுப்பது. பரிகட்டாவுக்கு மேல் போவது ருசிக்காக அல்ல, பந்தாவுக்காக என்பது என் அபிப்பிராயம். மாவு வாசனை நன்றாகவே தெரியும். முதல் சுற்றுக்குக் கட்டா, காயெதாமாவுக்குப் பரிகட்டா என்று சொன்னால் சரியாக இருக்கும். மேசையில் சிவப்பு இஞ்சி ஊறுகாய், காரம் போட்ட கடுகுக்கீரை, எள், பூண்டு எல்லாம் இருக்கும். முதல் பாதியில் அவற்றைத் தொடாதீர்கள். கீரை விழுந்த கணமே சூப்பின் ருசி மாறிவிடும்.

ஹகாட்டாவின் குறை வாடை. பழைய பாணிக் கடை என்றால் தெரு முனையிலேயே எலும்பு வாடை அடிக்கும். இது பிடிக்காமல் திரும்பிப் போகிறவர்கள் ஜப்பானியர்களிலும் நிறைய உண்டு. 1985-இல் ஃபுகுவோகாவின் தைம்யோ பகுதியில் ஷிகேமி கவஹாரா இப்புடோவைத் தொடங்கியபோது, பெண்கள் தயங்காமல் நுழையும்படி வாடை இல்லாத சுத்தமான ராமென் கடை வேண்டும் என்றுதான் நினைத்தார். 2008-இல் அது நியூயார்க் வரை போனது. இன்னொரு பெரிய சங்கிலிக் கடையான இச்சிரான் வேறு திசையில் போனது: ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே தடுப்புப் பலகை, விருப்பத்தைத் தாளில் குறித்துக் கொடுக்கும் முறை, பரிமாறுகிறவர் முகம்கூடத் தெரியாது. மொழி தெரியாத பயணிக்கு அது பெரிய நிம்மதி. நான்கு பேராகப் பேசிக்கொண்டே சாப்பிட நினைப்பவர்களுக்கு இப்புடோ பொருந்தும்.

சப்போரோவுக்கு வருவோம். ஜனவரியில் அங்கே சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே. மிசோ ராமெனைக் கொண்டுவந்தவர் அஜி நோ சான்பெய் கடையின் மொரிதோ ஓமியா. காலம் 1950-களின் நடுப்பகுதி. அந்தக் கடை இன்றும் இருக்கிறது, நகர மையத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக் கட்டிடத்தின் நான்காவது மாடியில். பேனா, நோட்டுப் புத்தக அடுக்குகளைத் தாண்டி ராமென் சாப்பிடப் போகவேண்டும். ஜப்பானின் முக்கியமான உணவுகளில் ஒன்று பிறந்த கடை இவ்வளவு அடக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இங்கே கிண்ணம் தயாராகும் விதமே வேறு. ஹகாட்டாவில் சூப் ஏற்கெனவே பானையில் தயார். நூடுல்ஸை வேகவைத்துப் போட்டால் முடிந்தது. சப்போரோவில் இரும்பு வாணலியைக் காயவைத்து, பன்றிக் கொழுப்பில் பூண்டு, வெங்காயம், முளைப்பயறு, கொத்துக்கறி எல்லாவற்றையும் பெரிய தீயில் வதக்குவார்கள். மிசோவைச் சேர்த்து அதன்மேல் சூப்பை ஊற்றிக் கொதிக்கவிடுவார்கள். மிசோ தீயில் படும்போது எழும் கருகல் மணம்தான் இந்த ராமெனின் உயிர். வெறும் சூப்பில் மிசோவைக் கரைத்துக் கொடுத்தால் அந்த மணம் வராது. நூடுல்ஸ் மஞ்சளாக, தடிமனாக, சுருள் சுருளாக இருக்கும். 1953-இல் தொடங்கிய நிஷியாமா செய்மென் நிறுவனம் சப்போரோ கடைகளுக்காக உருவாக்கிய வகை இது. ஈரப்பதம் அதிகம், செய்தபின் வைத்திருந்து பக்குவப்படுத்தியது. அதனால் கொதிக்கும் சூப்பில் நெடுநேரம் கிடந்தாலும் விறைப்பு போகாது. காயெதாமாவுக்கு இங்கே தேவையே இல்லை.

சுமிரே என்ற பேர்பெற்ற சப்போரோ கடையின் வழியில் வந்த கடைகளில் சூப்பின் மேல் உருகிய கொழுப்பு ஒரு மூடியாக நிற்கும். ஆவி வெளியே வராது, சூடும் இறங்காது. ஆவி தெரியவில்லையே என்று முதல் வாய் வேகமாக உறிஞ்சினால் நாக்கு வெந்துவிடும், கவனம். இறைச்சித் துண்டின் மேல் துருவிய இஞ்சி வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக சூப்பில் கரைத்துக்கொண்டே போனால், கொழுப்பு திகட்டாமல் கடைசி வரை சாப்பிடலாம். சப்போரோவின் சுசுகினோ பகுதியில் உள்ள ராமென் சந்தில் வெண்ணெயும் சோளமும் போட்டுக் கொடுப்பதைத்தான் பயணிகள் தேடிப் போகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் வெண்ணெய் உருகியதும் மிசோவின் கூர்மை மழுங்கிவிடுகிறது. முதல் முறை அது இல்லாமலே சாப்பிடுங்கள்.

சரி, எது மேல்? விலையில் ஹகாட்டா. ஃபுகுவோகாவின் சாதாரணக் கடைகளில் ஒரு கிண்ணம் டோக்கியோவைவிட மலிவு; சப்போரோவில் பேர்பெற்ற கடை என்றால் ஆயிரம் யென்னைத் தொடும், தாண்டும். வரிசையில் நிற்கும் நேரத்திலும் ஹகாட்டாதான், ஆட்கள் மளமளவென்று எழுந்து போய்விடுவார்கள். ருசிக்கு மட்டும் ஓட்டுப் போடு என்றால் நான் சப்போரோவுக்குப் போடுவேன். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு ஆள் தீயின் முன் நின்று வதக்கவேண்டியிருக்கிறது, அந்த உழைப்பு நாக்கில் தெரிகிறது.

அதே காரணத்தால் சப்போரோ ராமென் ஊர்விட்டு ஊர் போனால் சோபிப்பது குறைவு. வாணலிக்காரர் சரியில்லை என்றால் எல்லாம் போச்சு. ஹகாட்டா அப்படியல்ல. சூப் சரியாக இருந்தால் டோக்கியோவிலும் சிங்கப்பூரிலும் ஏறக்குறைய அதே தரத்தில் கிடைக்கும். எனவே டோக்கியோவோடு திரும்புகிறவர்கள் அங்கேயே ஹகாட்டா பாணியைச் சாப்பிடட்டும். ராமெனுக்காக உள்ளூர் விமானம் ஏறுவதென்றால் அது வடக்கு நோக்கியே இருக்கட்டும். ஃபுகுவோகாவுக்குப் போக வேறு காரணம் உண்டு: மாலையில் நாகஸு, தென்ஜின் பக்கம் முளைக்கும் யத்தாய் வண்டிக்கடைகள். அங்கே போவது ராமெனைவிட அந்நியரோடு தோள் உரச உட்கார்ந்து பேசுவதற்காக.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு இரண்டு ஊருமே கஷ்டம். மிசோ ராமென் என்றால் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிப்படை சூப்பில் பெரும்பாலும் பன்றி எலும்பும் கோழியும் இருக்கும், வதக்குவதும் பன்றிக் கொழுப்பில்தான். ஹகாட்டாவின் அந்த வெள்ளைக் கெட்டித்தன்மை வேண்டும் என்றால் கோழி எலும்பை அதே முறையில் காய்ச்சும் தோரி பைத்தானைத் தேடலாம். மேலே வைக்கும் இறைச்சி, தாளிக்கும் கொழுப்பு எது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். முழுச் சைவம் என்றால் டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் இருக்கும் டீஸ் டான்டான். எள் விழுதில் செய்த கெட்டியான சூப், இறைச்சியோ பாலோ கிடையாது. கடை டிக்கெட் வாயிலுக்கு உட்புறம் இருப்பதால், ரயில் மாறும் இடைவெளியிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.