வரலாற்று வீட்டுப்பாடம்: நோட்டுப் புத்தகமா, வாட்ஸ்அப் குழுவா?

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்றில் பின்தங்காமல் இருக்க எது நல்லது?

செலவு: நோட்டுக்குச் சில பத்து ரூபாய். குழுவுக்கு வீட்டில் போன் வேண்டும். அப்பா வேலைக்கு எடுத்துப் போனால் இரவுதான் கிடைக்கும்.

ஆசிரியர் நேரம்: நாற்பது நோட்டு திருத்தினால் ஒரு பீரியட் போய்விடும். குழுவில் யார் அனுப்பவில்லை என்பது சட்டென்று தெரியும்.

மனதில் நிற்பது: இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நோட்டுதான். 1905 வங்கப் பிரிவினை, 1919 ஜாலியன்வாலா பாக், 1920 ஒத்துழையாமை இயக்கம், 1930 உப்பு சத்தியாகிரகம் என்று காலக்கோட்டைத் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு எது முன், எது பின் என்பது குழம்பாது. குழுவிலோ ஒருவர் வரைந்த படத்தையே மற்றவர்களும் அனுப்பிவிடலாம்.

விடுப்பு எடுத்தவர்களுக்குப் பாடம் சொல்ல, பெற்றோருக்குத் தகவல் தர குழு போதும். காலக்கோடும் வரைபடமும் வகுப்பிலேயே, நோட்டில் போடட்டும்.