டவுன் மூட்டையா, பாய் கடை நோட்டா?

போன கார்த்திகையில் ஒருநாள் சோப்புத்தூள் பையைக் கத்தியால் கொத்திக்கொண்டிருந்தேன். ஆறு கிலோ பை. ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடையில் ஆஃபரில் வாங்கி, மடியில் பிள்ளை, காலிடுக்கில் பை என்று எங்கள் ஊர் மண்டபம் வரை பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்தது. கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம் என்று அன்றைக்கு ஒரே சந்தோஷம். வாடைக்காற்று ஒரு வாரம் அடித்ததும் அத்தனையும் கல்லாகிவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்து, “என்னத்தா, கொத்து வேலைக்குப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராமநாதபுரம் டவுனில் மொத்தமாக வாங்குவதா, தெருமுனை பாய் கடையில் பற்று வைத்து வாங்குவதா என்று பார்க்க, அதற்குப் பிறகு நாலு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். எங்கே வாங்கினேன், என்ன விலை, எத்தனை நாள் வந்தது என்று. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், மாமியார், நாலு வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். வாரத்தில் மூன்று நாள் தொழில். பாடு (மீன் வரத்து) இருந்தால் பங்கு, இல்லாவிட்டால் டீக்காசு. மாதச் சம்பளக்காரர்கள் எழுதும் சிக்கனக் குறிப்பெல்லாம் எங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்பது இந்த நோட்டை எழுதும்போதுதான் புரிந்தது.

ரேஷனை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் போட்டியே கிடையாது. அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் பாக்கெட் 25, சர்க்கரை கிலோ 25. இந்த விலைக்கு எந்தக் கடையும் வராது. “ரேஷன் பருப்பு வேகாது” என்று சொல்பவர்களுக்கு: முதல்நாள் ராத்திரி ஊறப்போடுங்கள், வேகும். மாதக் கடைசியில் போனால் “பருப்பு முடிஞ்சுபோச்சு” என்பார்கள், அதனால் முதல் வாரமே போய்விட வேண்டும். இனி அலசல் எல்லாம் மீதிச் சாமானுக்குத்தான்.

டவுன் கடையில் ஒரு மாதச் சாமான் 3,400 ரூபாய் ஆனது. அதே பட்டியலைத் தெருமுனை பாய் கடையில் விலை கேட்டு எழுதினேன், 3,710 வந்தது. 310 ரூபாய் வித்தியாசம். சும்மா இல்லை, இரண்டு நாள் மீன், காய் எல்லாம் அதில் வந்துவிடும். ஆனால் டிக்கெட் இல்லாத டவுன் பஸ் கிடைத்தால்தான் அந்த 310 முழுசாக நிற்கும். ராமேஸ்வரத்திலிருந்து வரும் மற்ற பஸ்ஸில் ஏறினால் காசு. பாசஞ்சர் ரயில் மலிவு, ஆனால் மூட்டையோடு பிளாட்பாரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். மூத்தவன் கூட வந்தால் கடை வாசலிலேயே ஒரு பிஸ்கட், ஒரு பொம்மைக் கார். பட்டியலில் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பா நானே எடுத்திருப்பேன். ஒரு மாதம் இந்த உதிரிக் கணக்கை மட்டும் கூட்டினேன்: 265.

பாய் கடையில் அச்சிட்ட விலைதான், தள்ளுபடி இல்லை. அதற்குப் பதில் மூன்று சங்கதி உண்டு. கால் கிலோ, ஐம்பது கிராம் என்று கேட்கிற அளவில் தருவார். சீரகம் புழுத்திருந்தால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். மூன்றாவது, கடன் எழுதுகிற பற்று நோட்டு. கையில் காசில்லாத நாளில் வாசலில் நின்றால், “எழுதிக்கவா தங்கச்சி?” என்று அவரே கேட்டுவிடுவார். நாமாகக் கேட்கிற சங்கடம் மிச்சம்.

நோட்டும் சும்மா கிடைப்பதில்லை. பற்று வைக்கிறவள் விலை பேச முடியாது. காசு கொடுத்து வாங்கினால் எண்ணெய்க்கு நாலைந்து ரூபாய் குறைப்பார், பற்றுக்குக் குறைப்பதில்லை. அதனால் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் 15-ந் தேதி வாக்கில் ஏறியதும் எண்ணெய், சோப்பு இரண்டையும் அவரிடமே ரொக்கத்துக்கு வாங்கிவிடுகிறேன். எண்ணெயில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். செக்கில் கிலோ விலை சொல்வார்கள், பாக்கெட்டில் லிட்டர் விலை. இரண்டையும் நேருக்கு நேர் வைத்து “செக்கு ரொம்ப விலை” என்று நானும் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். விலைதான், ஆனால் நான் நினைத்த அளவுக்கு இல்லை.

இப்போது சோப்பு. எங்கள் பக்கம் பாதிக் காசு போவது இதில்தான்.

போர் தண்ணீர் உப்பு. அதில் கால்சியமும் மக்னீசியமும் கலந்திருப்பதால் சாதா சோப்பு நுரைக்கு முன்னால் திப்பியாகத் திரிந்துவிடும். துணி மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருக்குமே, அது அழுக்கில்லை, நாம் காசு கொடுத்து வாங்கிய சோப்பு. டிடர்ஜென்ட் தூளும் டிடர்ஜென்ட் கட்டியும் இந்தத் தண்ணீரில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே துணிக்குப் பழைய மஞ்சள் சோப்பு மலிவு என்று வாங்குவது இங்கே நஷ்டம். தூளா, டிடர்ஜென்ட் கட்டியா என்றால் நான் கட்டிப் பக்கம். கிலோ கணக்கில் தூள் சில சமயம் மலிவாக வரும், ஆனால் கடல் காற்றுக்கு அது நிற்காது. கட்டி நிற்கும். உறையைப் பிரித்து பரணில் ஒரு மாதம் காய வைத்தால் இறுகி, கரைவதும் குறையும். தூள்தான் வேண்டும் என்றால் அரைக்கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

குளிக்கிற சோப்பில் உறையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், கொழுப்புச் சத்தின் அளவு. 76-ம் அதற்கு மேலும் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். ‘பாத்திங் பார்’ என்று எழுதியிருந்தால் 40 இருந்தாலே போதும் என்பது விதி. பத்து ரூபாய்க்குப் பெரிய கட்டி என்று நான் வாங்கிய ஒன்று ஒன்பதாம் நாள் சோப்புப் பெட்டியில் கூழாகக் கிடந்தது. முதல் தரச் சோப்பு, விலை கூடத்தான், அதே ஐந்து பேருக்குப் பதினேழு நாள் வந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துத் துவைத்துப் பாருங்கள். பாதி சோப்பு போதும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு வாளி எடுத்துவைத்து, பிள்ளைத் துணிக்கு மட்டும் கடைசி அலசல் அதில். உப்புத் தண்ணீரில் காய்ந்த துணி அப்பளம் மாதிரி விறைத்து, சின்னவளுக்குத் தொடை சிவந்துவிடுகிறது.

அதனாலேயே டயப்பரா துணியா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. வெயில் மாதங்களில் மாமியாரின் பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்ததுதான், செலவு சுழி. மழை மாதத்தில் துணி காய இரண்டு நாள் ஆகிறது, அப்போது ராத்திரிக்கு மட்டும் ஒரு டயப்பர். பெரிய பாக்கெட்டில் ஒரு டயப்பருக்கு விலை குறைவு என்றாலும் நான் சின்னதுதான் வாங்குவேன். பிள்ளை வளர்ந்து, அளவு பத்தாமல் போன பதினோரு டயப்பர் இன்னும் அலமாரியில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22-லிருந்து குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு வைக்கிற எண்ணெய் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டயப்பருக்கு 12-லிருந்து 5. துணி சோப்புத்தூளுக்கு அதே 18. துவைக்கிறதுதான் எங்களுக்குப் பெரிய செலவு, அதைத் தொடவில்லை.

ஷாம்புவில் மட்டும் பழைய பாடம் தலைகீழ். பாட்டில்தான் மலிவு என்று நினைத்திருந்தேன். பாட்டிலில் ஒரு மி.லி. விலை அச்சிட்டிருக்கிறது. சாஷேயை எடுத்து விலையை அளவால் வகுத்துப் பார்த்தால் பல பிராண்டில் சாஷேதான் குறைவு. அதோடு பாட்டில் இருந்தால் வீட்டுக்காரர் உள்ளங்கை நிறைய ஊற்றுவார், சாஷே ஒன்றோடு முடிந்துவிடும்.

மற்றவை சில்லறை. விளக்குமாறு உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பில் ஓலை கேட்டு வாங்கி ஈர்க்கு கிழித்தால் ஆச்சு. பாத்திரத்துக்குத் தேங்காய் நாரும் சாம்பலும். மீன் சட்டிக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. உப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்து உப்பு மலிவாகக் கிடைக்கும்தான், அது கருவாடு போட. குழம்புக்கு அயோடின் சேர்த்தது, பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்கும் அறிவிப்பு 2023 ஆகஸ்ட்டில் எங்கள் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அந்த 8,000-ஐ 61 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். அந்த 61 நாளும் டவுன் கடை எங்களை உள்ளே விடும், காசில்லாமல் சாமான் தராது. பாய் தருவார். எனவே பங்குனியிலேயே கெடாத சாமானை மட்டும் டவுனில் ரொக்கத்துக்கு வாங்கி வைக்கலாம் என்று இருக்கிறேன். துணி சோப்புக் கட்டி பன்னிரண்டு, குளியல் சோப்பு எட்டு, பற்பசை இரண்டு, தீப்பெட்டி ஒரு பண்டல், அதுவும் மூடி இறுக்கமான டப்பாவில். மற்றதெல்லாம் நோட்டில்.

இப்போதைக்கு நோட்டில் பழைய பாக்கி 1,140. அதைக் கொடுத்த பிறகுதான் டவுன் பஸ்.