சுவரில் மாட்டிய டேப்லெட்: மூன்று ஆண்டு மின்சாரக் கதை

வீட்டுக் கருவிகளைப் பார்க்கவும் இயக்கவும் புது வீட்டுக் கூடத்தின் சுவரில் டேப்லெட் மாட்டப் போவதாகவும், மூன்று ஆண்டுகளாக அப்படி வைத்திருக்கும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்றும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். எந்த மாடல், எந்தச் செயலி என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவர் கேட்காமல் விட்டது மின்சாரத்தைப் பற்றி. எனக்குச் சொல்வதற்கு இருப்பதும் அது மட்டும்தான்.

முதலில் டேப்லெட்டின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் எங்கள் வீட்டுக்குக் குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். மாடித் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, முழங்கால் வலியோடு அம்மா படியேறிக்கொண்டிருந்தார். இப்போது சமையலறை வாசலில் நின்றபடியே திரையில் அளவைப் பார்த்து, அங்கேயே தொட்டு மோட்டாரைப் போடுகிறார். நான் இந்த வீட்டுக்கு வாங்கிய வேறு எந்தப் பொருளும் இவ்வளவு பயன் தந்ததில்லை. திரை இருண்டு கிடக்கும் காலைகளில் எனக்கு வரும் கோபத்துக்குக் காரணமும் அதுதான்.

முதல் ஆண்டு முழுவதும் சார்ஜரைச் செருகியே வைத்திருந்தேன். பதினான்காம் மாதத்தில் வலது கீழ் மூலையில் கண்ணாடி எழும்பி, நகம் நுழையும் இடைவெளி வழியே உள்வெளிச்சம் கசிந்தது. பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் அயன் செல் முழுதாக ஏறும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையிலேயே மாதக்கணக்கில், அதுவும் மேற்கு வெயில் அடிக்கும் சுவரின் சூட்டில் இருந்தால், உள்ளே உள்ள மின்பகுதிரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அன்றே கழற்றி, 1,800 ரூபாய் கொடுத்து மாற்றினேன். டேப்லெட்டையும் உட்சுவருக்குக் கொண்டுவந்தேன்.

அங்கே பிளக் பாயின்ட் தள்ளி இருந்ததால் 3 மீட்டர் கேபிள் போட்டேன். செருகியிருந்தும் பகலில் சார்ஜ் இறங்கிக்கொண்டே போனது. வோல்ட் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தபோது சார்ஜர் முனையில் 5.1 வோல்ட்டும் டேப்லெட் முனையில் 4.3 வோல்ட்டும் இருந்தன. மெல்லிய 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் மின்தடை உண்டு; போக வர 6 மீட்டர் என்று கணக்கிட்டால், 0.8 வோல்ட் கம்பியிலேயே கரைவதில் வியப்பில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்து டேப்லெட்டுக்கு நேர் கீழே ஒரு பாயின்ட் எடுத்து, அதைவிடத் தடித்த 24 கேஜ் கம்பி உள்ள 1 மீட்டர் கேபிளுக்கு மாறியதும் அந்தக் குறை தீர்ந்தது.

ஆனால் என்னை உண்மையில் வாட்டியது இதற்குப் பின் வந்ததுதான். பேட்டரி மறுபடி உப்பாமல் இருக்க தொலைவிலிருந்தே இயக்கவும் அணைக்கவும் முடிகிற ஒரு ஸ்மார்ட் பிளக் வாங்கி, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் ஓடும், வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளில் விதி எழுதினேன்: சார்ஜ் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பிளக் இயங்க வேண்டும், 70 சதவீதத்தைத் தாண்டினால் அணைய வேண்டும். பல வாரங்கள் அழகாக நடந்தது. பிறகு மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்ட் நிறுத்தப்பட்ட ஒரு நாளுக்கு மறுநாள், காலையில் திரை செத்துக் கிடந்தது. அடுத்த மின்வெட்டில் ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்ததில் மறுபடியும் அதே கதி. ரவுட்டரும் பையும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன, ஸ்மார்ட் பிளக் மட்டும் நேர் லைனில் இருக்கிறது என்பதை நான் கவனிக்க மூன்று மாதம் ஆயிற்று. மின்வெட்டின் நடுவில் சார்ஜ் 30-ஐக் கடந்தால் விதி சரியாகவே கட்டளை அனுப்புகிறது, ஆனால் அதைக் கேட்கப் பிளக்குக்கு உயிர் இல்லை. கரண்ட் வந்ததும் பிளக் பழையபடி அணைந்த நிலையிலேயே எழுகிறது. எல்லையைக் கடக்கும் கணத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும்படி நான் எழுதிய விதியோ, 29, 20, 8 என்று இறங்குவதைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறது.

முழுதாகத் தீர்ந்துபோனால் என் டேப்லெட் சார்ஜ் ஏறினாலும் தானாக எழுவதில்லை. பேட்டரிப் படத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும். பவர் பட்டனோ மரச் சட்டத்துக்குள். நான்கு திருகுகளைக் கழற்றி அதை அழுத்துவதற்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். ஊரில் இல்லாத இரண்டு முறை அம்மா மீண்டும் படியேறினார். அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டேன். கரண்ட் வந்ததும் பிளக் இயங்கும் நிலையில் எழும்படி அமைத்தேன். கடக்கும் கணத்துக்குக் காத்திராமல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை சார்ஜைப் பார்க்கவும், டேப்லெட்டிடமிருந்து அரை மணி நேரம் தகவல் வராவிட்டால் யோசிக்காமல் பிளக்கைப் போடவும் விதியைத் திருத்தினேன். சட்டத்தில் பட்டனுக்கு நேரே ஒரு துளையும் உண்டு. ஐந்து மாதங்களாக ஒரு நாள்கூடத் திரை அணையவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். சுவரில் தொங்க வேண்டிய பொருளுக்குள் பேட்டரி இருப்பதை என் மனம் இன்றும் ஏற்கவில்லை. அவர் கேட்பதாக இல்லை. அடுத்த மாதம் மாட்டிவிடுவார் என்றே நினைக்கிறேன். அப்படியானால் பூச்சு வேலை முடிவதற்குள், அந்தச் சுவருக்கு இன்வெர்ட்டர் லைன் இழுத்துவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.