செவோஃப்ளூரேன்: மயக்குவதில் நேர்த்தி, எழுப்புவதில் சிறு குறை

பல ஆண்டுகளாக அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நின்று பணியாற்றும் மயக்கவியல் மருத்துவன் என்ற முறையில், நான் அன்றாடம் கையாளும் செவோஃப்ளூரேன் என்னும் மயக்க மருந்தைப் பற்றி இம்மதிப்புரையை எழுதுகிறேன். இம்மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி அல்லர். ஆனால் மூச்சில் ஏற்பவர் அவரே என்பதால், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

இதன் தலையாய சிறப்பு, முகமூடி வழியாகவே ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்திவிட முடிவதாகும். ஊசியைக் கண்டாலே அலறும் குழந்தைக்கு இது பெரும் உதவி. இதே வகை மயக்க மருந்துகளான ஐசோஃப்ளூரேனும் டெஸ்ஃப்ளூரேனும் தொண்டையை உறுத்தி இருமலையும் மூச்சடைப்பையும் வரவழைக்கும். செவோஃப்ளூரேனின் மணமோ மென்மையானது, மூச்சுக்குழாயை அது உறுத்துவதில்லை. மேலும், குருதியில் இது குறைவாகவே கரைகிறது: குருதிக்கும் வாயுவுக்கும் இடையிலான இதன் பகிர்வு விகிதம் (எண் சிறிதானால் கரைவதும் குறைவு) ஏறத்தாழ 0.65, பழைய மயக்க மருந்தான ஹாலோத்தேனுக்கு அது 2.4. குறைவாகக் கரையும் மருந்து எப்படி மூளையை விரைவாக எட்டும் என்று பயிற்சி மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். பெரிய தொட்டி நிரம்ப நேரமாகும், சிறு குடம் சட்டென நிரம்பிவிடும் என்பதே நான் சொல்லும் விடை. குருதி தனக்கென எடுத்துக்கொள்வது குறைவாக இருந்தால், நுரையீரலில் மருந்தின் அழுத்தம் விரைந்து உயர்கிறது. அதே அழுத்தம் சிறிது நேரத்தில் மூளையிலும் அமைந்துவிடுகிறது.

மூளையில் நிகழ்வதை நாங்கள் "தூக்கம்" என்று நோயாளியிடம் சொல்வது ஆறுதலுக்காகவே. தூங்குபவரைத் தட்டி எழுப்பலாம். கத்தி பட்டும் அசையாதவரைத் தூங்குபவர் என்று சொல்ல இயலாது. நரம்புச் செல்களை அடக்கிவைக்கும் காபா ஏற்பிகளின் செயலை இம்மருந்து வலுப்படுத்துகிறது. வேறு சில அயனி வாயில்களையும் பாதிக்கிறது. பாஸ்டனில் 1846 அக்டோபர் 16 அன்று வில்லியம் மார்ட்டன் ஈதர் என்னும் மயக்க மருந்தைப் பலரறியக் கொடுத்துக் காட்டிய நாள் முதல் இத்தனை ஆண்டுகள் கடந்தும், சுயநினைவு எப்படி அறுபடுகிறது என்பதற்கு அனைவரும் ஏற்கும் ஒரே விளக்கம் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பே.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தோலை அறுக்கும்போது நோயாளிகளில் பாதிப்பேரை அசையாமல் வைத்திருக்கும் செறிவையே நாங்கள் அளவுகோலாகக் கொள்கிறோம். நடுவயதினருக்குச் செவோஃப்ளூரேனில் அது சுமார் 2 விழுக்காடு. வயது பத்தாண்டு கூடும்தோறும் இந்த அளவு, தன்னில் ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்கு குறைகிறது. உடல் அசையாமலிருப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் அடங்கல். சுயநினைவு மறைவதோ மூளையின் அடங்கல். இரண்டும் ஒன்றல்ல. அசைவை அடக்கும் அந்தச் செறிவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே ஏறத்தாழ பாதிப்பேர் அழைப்புக்கு விடையளிக்க மாட்டார்கள். "நடுவில் விழித்துக்கொள்வேனோ?" என்ற அச்சத்தோடு வருபவர்களுக்கு இந்த இடைவெளியைத்தான் விளக்கிக் காட்டுகிறேன்.

உடலின் மற்ற உறுப்புகளிடமும் இம்மருந்து தன் கைவரிசையைக் காட்டவே செய்கிறது. குருதிக்குழாய்கள் தளர்வதால் இரத்த அழுத்தம் இறங்குகிறது; ஒவ்வொரு மூச்சும் ஆழம் குறைந்து, அதன் வேகம் கூடுகிறது. தோலை நோக்கி வெப்பம் பரவுவதால், போர்த்திச் சூடேற்றாவிட்டால் முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளுடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்துவிடலாம். கண்விழித்ததும் பற்கள் தந்தியடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நல்லதும் உண்டு: மூச்சுக்குழாய்களை விரிப்பதால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஏற்றது. ஹாலோத்தேனில் ஏறத்தாழ 20 விழுக்காடு உடலுக்குள் சிதைந்து, அரிதாகக் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கியது. செவோஃப்ளூரேனில் சிதைவது 5 விழுக்காடு அளவே, எஞ்சியது மூச்சோடு வெளியேறிவிடுகிறது. ஆனால் மரபுவழியாக வரும் வீரிய வெப்ப ஏற்றம் (உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் நிலை) என்னும் ஆபத்தை, ஆவியாகும் இவ்வகை மருந்துகள் அனைத்தையும் போல இதுவும் தூண்டக்கூடும். ஆகவே, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் விபரீதம் நேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த ஆபத்தை முறிக்கும் டான்ட்ரோலீன் என்னும் மருந்தும் அரங்கின் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

இனிக் குறைக்கு வருகிறேன். விழித்தெழும் குழந்தைகள் சிலர் பெற்றோரையே அடையாளம் காணாமல் கைகால்களை உதறிக் கதறுவதுண்டு. சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்றாலும், காத்திருக்கும் தாய்க்கு அந்த நிமிடங்கள் கொடியவை. முன்கூட்டியே எச்சரிக்காமல் விட்டு நான் கடுஞ்சொல் வாங்கியதும் உண்டு, அது நியாயமானதே. பெரியவர்களில் குமட்டல் தொல்லை தருகிறது. இம்மருந்துக்கு வலி போக்கும் திறன் இல்லையென்றே சொல்லலாம். வேறு வலிநிவாரணி கொடுக்காமல் இதை மட்டும் நிறுத்தினால், நோயாளி நேரே வலிக்குள்தான் கண்விழிப்பார். நெடுநேர அறுவைக்குப்பின், குறிப்பாகப் பருமனானவர்களில், டெஸ்ஃப்ளூரேனே விரைவாகத் தெளிவிக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பச்சிளங்குழந்தையின் மூளை வளர்ச்சியை இது பாதிக்குமோ என்ற கவலை பலருக்கு உண்டு. குடலிறக்க அறுவை செய்யப்பட்ட கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான செவோஃப்ளூரேன் மயக்கம் பெற்றவர்களுக்கும், விழித்த நிலையில் முதுகில் ஊசி மூலம் மரத்துப்போகச் செய்யப்பட்டவர்களுக்கும், 5 வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. மணிக்கணக்கில் நீளும் அறுவைக்கும், அடுத்தடுத்துச் செய்யும் அறுவைகளுக்கும் இம்முடிவை நீட்டிப் பொருத்த நான் துணிய மாட்டேன்.

மூச்சோடு வெளியேறும் வாயு எங்கே போகிறது என்பதை நாங்கள் நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவே இல்லை. டெஸ்ஃப்ளூரேன் புவியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைப் போல் 2,500 மடங்கு அளவுக்கு வலியது. செவோஃப்ளூரேன் அதைவிட மிகக் குறைந்த தீங்கையே செய்கிறது. ஸ்காட்லாந்தின் பொது மருத்துவச் சேவை 2023இல் டெஸ்ஃப்ளூரேனைக் கைவிட்டது. எங்கள் அரங்கிலும் அதன் ஆவியாக்கி மின்னிணைப்பின்றி மூலையில் கிடக்கிறது. செவோஃப்ளூரேனின் மஞ்சள் நிற ஆவியாக்கியைத் திறக்கும்போதும், நோயாளி மயங்கி, மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாய் பொருத்தியான பிறகு வாயு ஓட்டத்தைக் குறைத்துவைப்பதையே இப்போது வழக்கமாக்கிக் கொண்டிருக்கிறேன்.