எம்.கே.அல்ட்ராவா, பிலடெல்பியா சோதனையா: எதில் தொடங்கலாம்?

அமெரிக்க அரசின் இரகசியச் சோதனைகளைப் பற்றிப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் முட்டி நிற்பார்கள்.

ஆதாரம்
அல்ட்ரா: மனித மனத்தை மருந்துகளால் கட்டுப்படுத்த முடியுமா என்று பார்த்த திட்டம். 1953-இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. தொடங்கியது. 1973-இல் கோப்புகளை அழிக்க உத்தரவு. தப்பியவை 1977-இல் வெளிவந்தன. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டே விசாரித்தது.
பிலடெல்பியா: 1943-இல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு சோதனையில் மாயமாய் மறைந்ததாம். மூலம், ஒருவர் எழுதிய கடிதங்கள்தான்.

மரணம்
அல்ட்ரா: ராணுவ விஞ்ஞானி ஃப்ராங்க் ஓல்சனுக்குத் தெரியாமல் எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்றம் தரும் போதைமருந்தைக் கொடுத்தார்கள். சில நாளில், 1953 நவம்பர் 28 அன்று, நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். 1975-இல் அதிபர் ஃபோர்டு குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்டார். 1994-இல் உடலைத் தோண்டி ஆராய்ந்த தடயவியல் குழு, விழுவதற்கு முன்பே தலையில் அடிபட்டிருக்கலாம் என்றது. குதித்தாரா, தள்ளப்பட்டாரா? இன்னும் முடிவாகவில்லை.
பிலடெல்பியா: அந்தக் கடிதங்களைப் பெற்ற பறக்கும் தட்டு நூலாசிரியர் மோரிஸ் ஜெஸப் 1959-இல் இறந்தார், தற்கொலை என்று பதிவானது. சந்தேகத்துக்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

வாசிப்பு
அல்ட்ரா: அலுவலக ஆவணங்கள், பொறுமை வேண்டும்.
பிலடெல்பியா: ஒரே மாலையில் முடியும்.

அரசு நிஜமாகவே என்ன செய்தது என்று அறிய அல்ட்ரா. வதந்தி எப்படி ஊதிப் பெருகுகிறது என்று பார்க்க பிலடெல்பியா. எனக்குக் கேட்டால், சரி, ஓல்சனிடமிருந்து தொடங்குங்கள்.