‘தி பிராக்டிஸ்’: வக்காலத்து போட்டவரையும் விசாரிக்கும் தொடர்

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் குற்றவியல் வழக்கு நடத்தும் எந்த வழக்கறிஞரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. “அவன்தான் செய்ததுண்ணு ஊருக்கே தெரியும்லா, பின்ன எப்படி சாரே அவனுக்கு வக்காலத்து போட்டிய?” கேட்பவர் பெரும்பாலும் சண்டைக்கு வருவதில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்கிறார். சட்டம் தரும் பதிலை நாங்கள் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பதில் கேட்டவருக்கும் போதுவதில்லை, சொன்னவருக்கும் முழுதாகப் போதுவதில்லை. அந்தப் போதாமையை எட்டுப் பருவங்களுக்கு விடாமல் பிடித்துக்கொண்டு பேசிய தொடர் என்பதால்தான், முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான ‘தி பிராக்டிஸ்’ பற்றி இப்போது எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1997 மார்ச் முதல் 2004 மே வரை 168 பகுதிகளாக ஒளிபரப்பான தொடர் இது. இதை உருவாக்கிய டேவிட் ஈ. கெல்லி, எழுத வருவதற்கு முன் பாஸ்டனில் வழக்கறிஞராக இருந்தவர். தொடரின் களமும் பாஸ்டன்தான். பாபி டானெல் என்பவர் நடத்தும் ஒரு சிறிய அலுவலகம்; எல்லனார் ஃப்ரட், யூஜின் யங், லிண்ட்சே டோல், ஜிம்மி பெர்லுட்டி, ரெபெக்கா வாஷிங்டன் என்று உடன் வேலை செய்பவர்கள். பெருநிறுவனங்களின் வழக்குகள் இவர்களைத் தேடி வருவதில்லை. போதைப்பொருள் வைத்திருந்தவன், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன், மாத வாடகைக்கு வழி தேடும் கவலை ஆகியவற்றோடு நடக்கும் அலுவலகம் அது. நம் ஊரில் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரியில் மாடியறை எடுத்து, ஒரு குமாஸ்தாவையும் இரண்டு ஜூனியர்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் சீனியர்களுக்கு இந்த அலுவலகம் அந்நியமாகத் தோன்றாது.

தொடரின் இதயம், அந்த அலுவலகத்தார் ‘பிளான் பி’ என்று அழைக்கும் உத்தியில் இருக்கிறது. கட்சிக்காரரைக் காப்பாற்ற வேறு வழி இல்லாதபோது, வழக்கோடு தொடர்புடைய இன்னொருவரைச் சுட்டி, ‘இவர் ஏன் செய்திருக்கக் கூடாது?’ என்று, குற்றவாளியா இல்லையா என முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிகளின் மனத்தில் ஒரு சந்தேகத்தை விதைப்பதே அந்த உத்தி. அதை நிரூபிக்க வேண்டிய கடமை குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு இல்லை. நியாயமான சந்தேகம் எழுந்தால் போதும். நம் நீதிமன்றங்களிலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே செல்கிறது என்பதால் இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதன்று. ஆனால் நிரபராதி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்று, அன்புக்குரியவரைப் பறிகொடுத்த துக்கத்தோடே கொலைப் பழியையும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போகும்போது அவருக்கு என்ன ஆகிறது என்பதை இத்தொடர் காட்டும் அளவுக்கு வேறு எந்தத் தொலைக்காட்சி நாடகமும் காட்டி நான் பார்த்ததில்லை.

இதன் உச்சம் ஜார்ஜ் வோகல்மனின் வழக்கு. (கதை தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கால் நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் அவர், தமது மருத்துவப் பையில் ஒரு பெண்ணின் துண்டிக்கப்பட்ட தலையோடு இவர்களிடம் வருகிறார். சாதுவான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். எல்லனார் அவரை நம்புகிறார், அவருக்காக உயிரைக் கொடுத்து வாதாடுகிறார், வழக்கில் வெற்றியும் கிடைக்கிறது. பிறகு, விடுதலை வாங்கிக் கொடுத்தவர்களின் அலுவலகத்துக்குள்ளேயே லிண்ட்சே கத்தியால் குத்தப்படுகிறார். குத்தியவர் அந்த வோகல்மன்தான் என்று தெரியவருகிறது. இதை வெறும் அதிர்ச்சித் திருப்பமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கட்சிக்காரர் மீது வழக்கறிஞருக்கு ஏற்படும் நம்பிக்கை சட்டத்துக்கு வேண்டாத ஒன்று. அந்த நம்பிக்கை இல்லாமலும் வாதாட முடியும், வாதாடவும் வேண்டும். ஆனால் நம்பிக்கை வந்துவிட்ட பிறகு அது தவறு என்று தெரிந்தால், அந்தப் பாரத்தை இறக்கி வைக்க எந்தச் சட்டப் பிரிவிலும் இடமில்லை. இந்தச் சுமையை நடிகை கேம்ரின் மான்ஹைம் எல்லனாராகச் சுமந்து காட்டுகிறார். முன்னதாக 1998-இலேயே இந்தப் பாத்திரத்துக்காக அவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது பெற்றிருந்தார். தொடரும் 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது.

பாஸ்டன் பெருநகரம் என்பதால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தைத் தீர்ப்புக்குப் பின் வழக்கறிஞர் மீண்டும் பார்க்காமலே இருந்துவிடலாம். குமரி மாவட்டத்தில் அதற்கு வழியில்லை. ஒரே கோயில் திருவிழாவில், ஒரே திருமண வீட்டில், கருங்கல் ஊருக்குப் போகும் ஒரே பேருந்தின் அடுத்த இருக்கையில் அவர்களைப் பார்த்தே ஆக வேண்டும். காலையில் நான் குறுக்கு விசாரணையில் மடக்கிய ஒரு மூதாட்டி, மாலையில் பேருந்தில் எனக்கு இடம் ஒதுக்கி உட்காரச் சொன்னதுண்டு. மடியில் அவர் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் மருத்துவமனைச் சீட்டுகளும் மகனின் புகைப்படமும் இருந்தன. அந்தப் பயணம் முழுவதும் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை. இத்தகைய நெருக்கத்தில் தொழில் செய்பவர்களுக்கு, இத்தொடர் எழுப்பும் கேள்விகள் பாஸ்டன்காரர்களுக்கு உறைத்ததைவிட அதிகமாக உறைக்கும் என்று நம்புகிறேன்.

நம் சட்டம் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகவே இருக்கிறது. தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கொண்டு எதிர்வாதம் செய்யும் உரிமையைக் கைது செய்யப்பட்டவருக்கு அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு தருகிறது. குற்றம் சாட்டப்பட்ட குறிப்பிட்ட சிலருக்கு யாரும் வாதாடக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற முகமது ரஃபி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் நம்பிச் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற பாதுகாப்பு, பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவிலிருந்து இப்போதைய பாரதிய சாக்‌ஷ்ய அதிநியத்தின் 132-ஆவது பிரிவுக்கு வந்திருக்கிறது. இவற்றையெல்லாம் ஜூனியர்களுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கலாம். அந்தப் பாதுகாப்பை மதித்து, தெரிந்த உண்மையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்பதை யூஜின் யங்காக நடித்த ஸ்டீவ் ஹாரிஸிடம்தான் பார்க்க வேண்டும்.

அரசுத் தரப்பையும் தொடர் எளிதாக விட்டுவிடவில்லை. ஹெலன் கேம்பிள் என்ற அரசு வழக்கறிஞரும் லிண்ட்சேயும் ஒரே வீட்டில் வசிக்கும் தோழிகள். பகலில் எதிரெதிராக நிற்கிறார்கள். எதிர்த் தரப்பு வழக்கறிஞரோடு ஒரே கடையில் சாயா குடிப்பதைப் பார்த்து, ‘ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்க’ என்று சந்தேகப்படும் கட்சிக்காரர்களுக்கு இந்த நட்பைக் காட்ட ஆசையாக இருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. வாய்தா என்பதே இல்லாத உலகம் அது. குற்றப்பத்திரிகையிலிருந்து தீர்ப்பு வரை பெரும்பாலும் ஒன்றிரண்டு பகுதிகளில் முடிந்துவிடுகிறது. ஜூரிகள் முன் ஆற்றும் இறுதி உரையே வழக்கைத் திருப்பிவிடும் என்ற எண்ணத்தை இது இளையவர்களிடம் வளர்த்துவிடக் கூடும். ஜூரி முறையைக் கைவிட்டுவிட்ட நம் நாட்டில் நீதிபதி காரணங்களை எழுதித் தீர்ப்பளிக்கிறார்; குறுக்கு விசாரணையில் பதிவான ஒரு வரி, அரை மணி நேர உரையைவிடப் பயன்படும். போகப்போக, வழக்கறிஞர்களே கொலை வழக்கில் மாட்டிக்கொள்வது வாடிக்கையாகிவிடுகிறது. பாபிக்கும் நேர்கிறது, லிண்ட்சேக்கும் நேர்கிறது. மனச்சாட்சியின் நெருக்கடி போதுமானதாக இருந்த கதைக்குக் கத்தியும் துப்பாக்கியும் இவ்வளவு தேவைப்பட்டிருக்க வேண்டாம்.

செலவைக் குறைப்பதற்காக முக்கிய நடிகர்கள் பலர் நீக்கப்பட்ட எட்டாம் பருவம் கிட்டத்தட்ட வேறொரு தொடர். அதில் ஆலன் ஷோராக வரும் ஜேம்ஸ் ஸ்பேடர் அபாரமாக நடித்து எம்மி விருதும் பெற்றார். அந்தப் பாத்திரமே ‘பாஸ்டன் லீகல்’ தொடருக்கு வழி திறந்தது. ஆனாலும் அவர் விதிகளை வளைப்பதில் ஒரு களிப்பு தெரிகிறது. பாபி விதியின் விளிம்பில் நிற்கும்போது அவருக்கு உடம்பு கூசும். எனக்கு வேண்டியது அந்தக் கூச்சம்தான்.

சட்டக் கல்லூரியிலிருந்து இந்த ஆண்டு வெளிவந்து, சீனியர் அலுவலகங்களில் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகள் முதல் மூன்று பருவங்களை வரிசை மாறாமல், ஆங்கிலத் துணைவரிகளோடு பார்க்க வேண்டும் என்பது என் பரிந்துரை. மருத்துவர்களும் காவல் துறையினரும் பார்க்கலாம். வழக்கில் தோற்ற குடும்பத்தினருக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளான் பி காட்சிகளை அவர்களால் தாங்க முடியாது.